போர்டு மாறலாம்; டபரா மாறலாமா?

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் ஜி.என்.டி. ரோடில் நீங்கள் பிரயாணம் செய்திருக்கிறீர்களா? செய்திருந்தால் ஒரு வேடிக்கையைக் கவனித்திருப்பீர்கள். கவரைப்பேட்டை தாண்டிக் கும்மிடிப்பூண்டியை நெருங்க நெருங்க, எங்கே பார்த்தாலும் தொழிற்சாலை மயம். இரும்பு உருக்கும் ஆலைகள், உயரமான புகைபோக்கிகள், சிப்காட் வளாகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் நீள நீளமான லாரிகள். எல்லாம் இன்றைய நாகரிகத்தின் அடையாளங்கள்.

ஆனால் இந்த மாதிரி நெடுஞ்சாலைகளில் பசி எடுத்தால் நம் கண் எதைத் தேடுகிறது? கீற்றுக் கொட்டகையைத் தேடுகிறது. வாசலில் சாய்த்து வைத்த மாட்டு வண்டிச் சக்கரம், தூணில் தொங்கும் அரிக்கேன் விளக்கு, பளபளவென்று தேய்த்த பித்தளைக் குடம், பாட்டியின் பெயரிலோ கிராமத்தின் பெயரிலோ ஒரு போர்டு. இவற்றைக் கண்டதும் காரை ஓட்டுகிறவரின் கால் தானாகவே பிரேக்கை மிதிக்கிறது. கம்ப்யூட்டரில் பில் போட்டு, கைப்பேசியில் பணம் வாங்கிக்கொண்டு, பித்தளை டபராவில் காப்பி கொடுக்கிறார்கள். நாமும் ஆனந்தமாகக் குடித்துவிட்டு, "அந்தக் காலத்துக் காப்பி!" என்று சப்புக் கொட்டிக்கொண்டு வருகிறோம்.

பழமை நன்றாக விலை போகிறது, சகோதரிகளே! சந்தேகமில்லை. ஆனால் பழமையை விற்கிற ஹோட்டலுக்கே வயதாகிவிட்டால் என்ன செய்வது? பத்து வருஷத்தில் கீற்று இற்றுப்போகிறது. சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறுகிறது. போர்டில் பாட்டியின் மூக்குத்தி உதிர்ந்துவிடுகிறது. முதலாளியின் பிள்ளை காலேஜில் படித்துவிட்டு வந்து, "அப்பா, இதையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு வெள்ளைச் சுவரும் கண்ணாடிக் கதவும் வைப்போம், போர்டில் பாட்டி வேண்டாம், எழுத்து மட்டும் போதும்" என்கிறார். அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. யார் சொல்வது சரி?

இது ஒரு வீட்டுச் சண்டை மட்டும் என்று நினைக்காதீர்கள். இதே சண்டை 2025ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் அமெரிக்காவையே ஒரு வாரம் அமர்க்களப்படுத்திவிட்டது.

பீப்பாயும் பெரியவரும்

அமெரிக்காவில் 'கிராக்கர் பேரல்' என்று ஒரு ஹோட்டல் ஸ்தாபனம் இருக்கிறது. பெயருக்கு அர்த்தம் 'பிஸ்கோத்துப் பீப்பாய்'. அந்தக் காலத்தில் அங்கே கிராமத்து மளிகைக் கடைகளுக்கு உப்பு பிஸ்கோத்துகள் மரப் பீப்பாயில் வருமாம். ஊர்ப் பெரியவர்கள் பீப்பாயைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து உலக விவகாரங்களை அலசுவார்கள். நம் ஊரில் திண்ணை செய்த வேலையை அங்கே பீப்பாய் செய்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

டென்னசி மாகாணத்தில் லெபனான் என்ற சிற்றூர். அங்கே டான் எவின்ஸ் என்பவர் ஷெல் கம்பெனிக்காகப் பெட்ரோல் விற்றுக்கொண்டிருந்தார். நெடுஞ்சாலையில் போகிறவர்களை எப்படி நிறுத்துவது என்று யோசித்தார். சாப்பாடு போட்டால் நிற்பார்கள் என்று தோன்றியது. 1969இல் பழைய காலத்து மளிகைக் கடை மாதிரி ஜோடித்து முதல் ஹோட்டலை ஆரம்பித்தார். பெட்ரோலுக்குத் துணையாக வந்த சாப்பாடு பெட்ரோலையே விழுங்கிவிட்டது! பிற்பாடு பெட்ரோல் வியாபாரத்தை விட்டுவிட்டார்கள். ஹோட்டல்கள் மட்டும் பெருகிப் பெருகி 660ஐ எட்டின.

ஒவ்வொரு ஹோட்டலின் வாசலிலும் ஆடும் நாற்காலிகள் வரிசையாக இருக்கும். உள்ளே சுவரெல்லாம் பழைய சாமான்கள்: ரம்பம், தகரப் பலகை, யாரோ எப்போதோ எடுத்துக்கொண்ட புகைப்படம், சலவைப் பலகை. ஒரு ஹோட்டலுக்கு ஏறக்குறைய ஆயிரம் சாமான்கள். அத்தனையும் அசல் பழசு. இவற்றைச் சேர்த்து வைக்க லெபனான் ஊரில் ஒரு பெரிய கிடங்கே இருக்கிறது. அதில் சுமார் 90,000 சாமான்கள் உண்டு. மேஜைக்கு மேஜை முக்கோணப் பலகையில் குச்சிகள் செருகிய ஒரு விளையாட்டும் இருக்கும். சாப்பாடு வரும் வரை குழந்தைகள் ரகளை செய்யாமலிருக்க அதுதான் உபாயம். நம் பல்லாங்குழியின் தூரத்து உறவு என்று சொல்லலாம்.

போர்டிலே என்ன இருந்தது? ஒரு பீப்பாய். அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர். 1977இல் நாஷ்வில் நகரத்துச் சித்திரக்காரர் பில் ஹோலி காகிதக் கைக்குட்டை ஒன்றில் கிறுக்கிக் காட்டிய படம் அது. 48 வருஷம் அந்தப் பெரியவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

ஒரு வாரத்தில் திரும்பி வந்தவர்

காலம் போகப் போக வியாபாரம் மந்தமாயிற்று. வாடிக்கைக்காரர்களுக்கு வயதாகிக்கொண்டே போயிற்று. இளவட்டங்கள் எட்டிப் பார்க்கவில்லை. 2023இல் ஜூலி மாசினோ என்ற பெண்மணி தலைமை நிர்வாகியாக வந்தார். வேறு பெரிய உணவு ஸ்தாபனங்களில் பெயர் எடுத்தவர். 2024 மே மாதம் அவர் ஒரு பெரிய திட்டத்தை அறிவித்தார். மூன்று வருஷங்களில் 70 கோடி டாலர் வரை செலவழித்து, சமையல் பட்டியலிலிருந்து சுவர் வர்ணம் வரை எல்லாவற்றையும் புதுப்பிப்பது என்று முடிவாயிற்று.

முதலில் சில ஹோட்டல்களில் பரீட்சை செய்தார்கள். இருண்ட மரச் சுவருக்கு வெளிறிய வர்ணம் பூசினார்கள். பழைய சாமான்களைக் குறைத்தார்கள். வெளிச்சத்தைக் கூட்டினார்கள். அப்புறம் 2025 ஆகஸ்டு 19ஆம் தேதி வாக்கில் புதிய சின்னம் வெளிவந்தது. மஞ்சள் தரையில் ஸ்தாபனத்தின் பெயர் மட்டும் இருந்தது. பீப்பாயைக் காணோம். பெரியவரையும் காணோம்.

வந்தது ஆபத்து! "எங்கள் பெரியவர் எங்கே?" என்று நாடெங்கும் கூச்சல். இரண்டே நாளில் பங்கு மார்க்கெட்டில் கம்பெனியின் மதிப்பு ஏறக்குறைய 10 கோடி டாலர் சரிந்தது. அரசியலும் உள்ளே புகுந்துகொண்டது. ஜனாதிபதி டிரம்ப்பே, பழைய சின்னத்துக்குத் திரும்புங்கள் என்று ஆகஸ்டு 26ஆம் தேதி எழுதினார். அன்றைய தினமே கம்பெனி பணிந்தது. ஒரு வாரம் உத்தியோகத்தை இழந்திருந்த பெரியவர் மறுபடியும் பீப்பாயருகே வந்து உட்கார்ந்தார். செப்டம்பர் 9ஆம் தேதி, ஹோட்டல்களை மாற்றிக் கட்டும் வேலையையும் நிறுத்திவிட்டார்கள். 660 ஹோட்டல்களில் மாற்றப்பட்டிருந்தவை நான்கே நான்கு! இருந்தும் அந்தச் சில வாரங்களில் சாப்பிட வருகிறவர்கள் சுமார் 8 சதவீதம் குறைந்துபோனார்கள்.

இதில் ஒரு தமாஷ் இருக்கிறது. 1969இல் ஹோட்டல் ஆரம்பித்தபோது போர்டில் பெரியவர் கிடையாது! வெறும் எழுத்துத்தான் இருந்தது. பெரியவர் எட்டு வருஷம் கழித்து வந்து சேர்ந்தவர். ஆக, 'பழைய' சின்னம் ஒரு காலத்தில் புதிய சின்னம். 'புதிய' சின்னமோ ஆதியில் இருந்ததற்கே திரும்பியது மாதிரி. ஆனால் ஜனங்கள் சரித்திரப் புத்தகத்தைப் பார்த்தா பிரியம் வைக்கிறார்கள்? சின்ன வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனபோது எதைப் பார்த்தார்களோ, அதுதான் அவர்களுக்கு ஆதி.

யாருடைய அந்தக் காலம்?

"பார்த்தீர்களா, அதனால்தான் பழசைத் தொடக் கூடாது" என்று நம் கதையில் வரும் அப்பா இப்போது ஜம்பமாகச் சொல்லலாம். கொஞ்சம் பொறுங்கள். கதையின் மறுபக்கம் ஒன்று இருக்கிறது.

அதே கிராக்கர் பேரல் ஸ்தாபனத்தின் மேல் 2004இல் அமெரிக்க அரசாங்கத்தின் நீதித் துறை வழக்குத் தொடுத்தது. கறுப்பு மனிதர்கள் சாப்பிட வந்தால் தனியே உட்கார வைக்கிறார்கள், காக்க வைக்கிறார்கள், சில வெள்ளைக்காரச் சிப்பந்திகள் பரிமாறவே மறுக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. சிப்பந்திகளுக்குப் பயிற்சி கொடுக்கிறோம், நடைமுறையைத் திருத்துகிறோம் என்று கம்பெனி ஒப்பந்தம் செய்துகொண்டு வழக்கை முடித்தது. ஆடும் நாற்காலியும் அரிக்கேன் விளக்கும் ஒருவருக்கு இனிய ஞாபகம். இன்னொருவருக்கு அதே காலம் வாசலில் நிறுத்தி வைத்த காலம்.

நம் ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது? நம் ஹோட்டல்களின் போர்டுகளில் 'பிராமணாள்' என்ற சொல் ஒரு காலத்தில் சர்வ சாதாரணமாக இருந்தது. ரயில்வே ஸ்டேஷன் சிற்றுண்டிச் சாலைகளில்கூடச் சாதியைப் பார்த்துத் தனித்தனி இடம் இருந்தது. அது 1941இல்தான் ஒழிந்தது. 1950இல் வந்த நம் அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு, ஹோட்டலுக்குள் நுழைய எந்தக் குடிமகனுக்கும் சாதி, மதம், ஆண், பெண் என்ற பேதத்தினால் தடை கூடாது என்று எழுதிவைத்தது. அப்புறமும் போர்டுகளில் அந்தச் சொல் தங்கியிருந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் வாசலில் பெரியாரின் திராவிடர் கழகத்தார் மறியல் தொடங்கினார்கள். நாள் தவறாமல் தொண்டர்கள் வருவார்கள், கைதாவார்கள், மறுநாள் வேறு தொண்டர்கள் வருவார்கள். மாதக்கணக்கில் இது நடந்தது. நூற்றுக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். கடைசியில் போர்டிலிருந்து அந்தச் சொல் போயிற்று.

யோசித்துப் பாருங்கள். அதுவும் ஒரு பழைய போர்டுதான். அதற்கும் பழகிப்போன வாடிக்கைக்காரர்கள் இருந்திருப்பார்கள். "எத்தனை வருஷத்துப் போர்டு, ஏன் மாற்ற வேண்டும்?" என்று அங்கலாய்த்திருப்பார்கள். இருந்தும் அது மாறியது நல்லதா, இல்லையா?

பெண்களாகிய நம் விஷயத்துக்கு வருவோம். பழைய ஹோட்டல்களில் 'பேமிலி ரூம்' என்று ஒரு பொந்து இருக்கும், ஞாபகமிருக்கிறதா? அம்மாவையோ பாட்டியையோ கேட்டுப் பாருங்கள். அரைக் கதவும் அழுக்குத் திரையும் போட்ட அறை. காற்று வராது. கூப்பிட்டால் சர்வருக்குக் காது கேட்காது. ஹாலில் ஆண்கள் மின்விசிறியின் கீழே உட்கார்ந்து அரட்டை அடித்துக்கொண்டிருக்க, பெண்கள் திரைக்குப் பின்னால் அவசர அவசரமாக விழுங்கிவிட்டு வர வேண்டும். தனியாக ஒரு பெண் ஹோட்டலுக்குள் நுழைந்தால் பத்துத் தலைகள் திரும்பும். 'அந்தக் காலம்' என்று சுவரில் படம் மாட்டுகிறவர்கள் இந்தத் திரையை மட்டும் மாட்டுவதில்லை. ரொம்ப நல்லது!

ஆகவே பழசெல்லாம் பொன் அல்ல. புதுசெல்லாம் பித்தளையும் அல்ல. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதுதான் கேள்வி. இதற்கு நம் தேசத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது.

முதலாளி மாறினார்; தலைப்பாகை மாறவில்லை

காப்பி ஹவுஸைச் சொல்கிறேன். இந்தியக் காப்பிக்கு இந்தியாவிலேயே கிராக்கி உண்டாக்க வேண்டும் என்று 1936இல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் காப்பி ஹவுஸைத் திறந்தார்கள். பின்னர் காப்பி போர்டின் நிர்வாகத்தில் தேசமெங்கும் கிளைகள் முளைத்தன. 1950களின் நடுவில், நமக்கு இந்த ஹோட்டல் வியாபாரம் வேண்டாம் என்று காப்பி போர்டு கிளைகளை மூட ஆரம்பித்தது. நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் நடுத் தெருவில் நின்றார்கள்.

அப்போது கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ.கே. கோபாலன் அவர்களிடம், "நீங்களே ஏன் எடுத்து நடத்தக் கூடாது?" என்று யோசனை சொன்னார். தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். முதல் சங்கம் 1957 ஆகஸ்டு 19ஆம் தேதி பெங்களூரில் பிறந்தது. அதே வருஷத்தில் டில்லியிலும், அடுத்து கேரளத்திலும் மற்ற இடங்களிலும் சங்கங்கள் வந்தன. காப்பி கொண்டுவந்து வைக்கிற சர்வரே ஹோட்டலின் சொந்தக்காரர்களில் ஒருவர்! ஹோட்டல் சரித்திரத்தில் இதைவிடப் பெரிய மாறுதல் வேறு என்ன வேண்டும்?

ஆனால் போர்டில் என்ன மாறியது தெரியுமா? பல ஊர்களில் 'இந்தியா காப்பி ஹவுஸ்' என்பது 'இந்தியன் காப்பி ஹவுஸ்' ஆயிற்று. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடியது; அவ்வளவுதான். வெள்ளைச் சட்டை, இடுப்புப் பட்டை, விசிறி மாதிரி விரிந்து நிற்கும் தலைப்பாகை எல்லாம் அப்படியே இருந்தன. வாடிக்கைக்காரருக்கு மாறுதலே தெரியவில்லை.

2009இல் பெங்களூர் மகாத்மா காந்தி ரோடிலிருந்த காப்பி ஹவுஸ் அந்தக் கட்டடத்தைக் காலி செய்ய வேண்டி வந்தது. பல வருஷங்களாக அங்கேயே காலைப் பலகாரம் சாப்பிட்டுப் பழகியவர்கள் துக்கம் விசாரிப்பது போல வந்து போனார்கள். பக்கத்திலேயே, சர்ச் தெருவில் அதே வருஷம் கடை மறுபடி திறந்தது. கட்டடம் வேறு; சுவர் வேறு; தலைப்பாகை மட்டும் அதே தலைப்பாகை. கூட்டமும் பின்னாலேயே வந்துவிட்டது.

திருவனந்தபுரம் தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருக்கும் காப்பி ஹவுஸைப் பார்த்திருக்கிறீர்களா? லாரி பேக்கர் என்ற பிரபல கட்டடக் கலைஞர் கட்டியது. சிவப்பு நிறத்தில் உருண்டையான கோபுரம். உள்ளே படிக்கட்டு கிடையாது. நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதைதான். அதன் ஓரத்திலேயே மேஜையும் பெஞ்சும் கட்டிவிட்டிருக்கிறார். சுவரில் வரிசையாக இடைவெளி விட்டிருப்பதால் காற்றும் வெளிச்சமும் தாராளம். அது கட்டப்பட்டபோது அசாத்தியப் புதுமை. இன்றைக்கோ பழைய நினைவுகளுக்காக அதைத் தேடிப் போகிறார்கள்! புதுமை செய்வது தவறே அல்ல என்பதற்கு இந்தக் கட்டடமே சாட்சி. மாற்றுகிறவர் சாப்பிடுகிறவரை மனத்தில் வைத்துக்கொண்டு மாற்றினால், இன்றைய புதுசு நாளைக்கு நம் பேரப் பிள்ளைகளின் 'அந்தக் காலம்' ஆகிவிடுகிறது.

டபராவே சின்னம்

அமெரிக்கர்களுக்குப் பீப்பாய்ப் பெரியவர். மலையாளிகளுக்கும் பெங்களூர்க்காரர்களுக்கும் தலைப்பாகை. தமிழர்களாகிய நமக்கு ஹோட்டலின் சின்னம் எது?

சென்னை கதீட்ரல் ரோடில் 1962இல் கே. கிருஷ்ண ராவ் ஆரம்பித்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டல் 2008இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா இருக்கிறது. அங்கே சாப்பிட்டவர்களை விசாரித்துப் பாருங்கள். போர்டில் எழுத்து எந்த நிறம் என்று யாருக்கும் ஞாபகம் இராது. மரநிழலில் காரை நிறுத்தியதும், சர்வர் வந்து கார் ஜன்னலில் தட்டை மாட்டிவிட்டுப் போன சுகத்தைத்தான் சொல்வார்கள்.

இன்னொன்றும் பாருங்கள். சுமார் பத்துப் பதினைந்து வருஷங்களாக நம் நெடுஞ்சாலைகளில் 'கும்பகோணம் டிகிரி காப்பி' என்ற பெயரில் கடை கடையாக முளைத்திருக்கின்றன. இவை ஒரே கம்பெனியின் கிளைகள் அல்ல. ஆளுக்கொரு முதலாளி. போர்டு ஒன்றுக்கொன்று ஒத்திராது. இருந்தும் இவற்றையெல்லாம் ஒரே குடும்பம் மாதிரி நம்மை நினைக்க வைப்பது எது? பித்தளை டபரா டம்ளர்தான்! நுரை ததும்ப, விரல் சுட, ஆற்றி ஆற்றிக் குடிக்கிற அந்தச் சடங்குதான். நாளைக்கு இவற்றில் ஒரு கடை போர்டைப் பச்சையிலிருந்து நீலத்துக்கு மாற்றினால் ஒருவரும் கவலைப்பட மாட்டார்கள். டபராவை எடுத்துவிட்டுக் காகிதக் கோப்பையில் ஊற்றிக் கொடுக்கட்டும், அப்புறம் தெரியும் சங்கதி!

ஆகவே, ஹோட்டலைப் புதுப்பிக்க நினைக்கிற முதலாளிகள் சித்திரக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். வாடிக்கைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு நம் ஹோட்டலை நினைத்தால் அவருக்கு முதலில் ஞாபகம் வருவது எது? அதைத் தொடாதீர்கள். இங்கே வர விரும்பியும் வர முடியாமல் நிற்பவர் யார், அவரைத் தடுப்பது எது? அதை உடனே மாற்றுங்கள். மீதியிருப்பதில் எது வெறும் அழுக்கு, எது வெறும் சோம்பேறித்தனம்? அதற்குப் 'பாரம்பரியம்' என்று பெயர் வைக்காதீர்கள்.

கும்மிடிப்பூண்டியில் இந்தக் கேள்விகள்

இந்த மூன்று கேள்விகளையும் திருவள்ளூர் ஜில்லாவுக்கே கொண்டுவந்து பார்ப்போம். ஹோட்டல் வியாபாரத்துக்கு இதைவிட நல்ல பூமி கிடைக்காது. திருவள்ளூரில் வீரராகவப் பெருமாளைத் தரிசிக்க அமாவாசை தோறும் ஜனங்கள் திரளுகிறார்கள். அவ்வழியே திருத்தணிக்கும் திருப்பதிக்கும் போகிறவர்கள் வேறு. காக்களூரில் தொழிற்பேட்டை, ஆவின் பால் பண்ணையும் அங்கேதான். வடக்கே கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்க் கண்டிகையிலும் சிப்காட் வளாகங்கள். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் தினமும் வேலைக்கு வந்து போகிற பெண்கள் எத்தனையோ பேர். ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஆலைகளில் உழைக்கிறவர்கள் இன்னும் எத்தனையோ பேர்.

இவர்களில் யாருக்கு மாட்டு வண்டிச் சக்கரம் வேண்டும்? காரில் வருகிற குடும்பத்துக்கு அது அழகு. போட்டோ எடுத்துக்கொள்வார்கள். இரவு ஷிப்ட் முடிந்து வருகிற பெண்ணுக்கு வேண்டியது வேறு. தாழ்ப்பாள் சரியாகப் போடக்கூடிய, தண்ணீர் வரக்கூடிய, விளக்கு எரியக்கூடிய கழிப்பறை வேண்டும். கொட்டகைக்குப் பின்னால் இருட்டில் ஐம்பது அடி நடந்து போகும்படி அது இருக்கக் கூடாது. தனியாக உட்கார்ந்து ஒரு தோசை தின்றுவிட்டுப் போக, முறைக்கிற கண்கள் இல்லாத ஒரு மேஜை வேண்டும். திருப்பதி போகிற பாட்டிக்கு உயரமான மூன்று படிக்குப் பதில் ஒரு சரிவுப் பாதை வேண்டும். தம்பானூரில் கோபுரம் முழுக்கச் சரிவுப் பாதை போட்டார்கள். இங்கே வாசலில் பத்தடி போடக் கூடாதா? கைக்குழந்தைக்காரிக்குப் பால் கொடுக்க ஒரு மறைவான மூலை வேண்டும். ஒரிசாத் தொழிலாளிக்கு அவர் படிக்கத் தெரிந்த எழுத்தில் ஒரு விலைப் பட்டியல் வேண்டும்.

இவற்றில் எதைச் செய்தாலும் பழமைக்கு ஒரு குந்தகமும் வராது. பித்தளை டபரா கோபித்துக்கொள்ளாது. கழிப்பறை சுத்தமாயிருக்கிறது என்பதற்காக யாராவது, "ஐயோ, அந்தக் காலம் போயிற்றே!" என்று அழுதிருக்கிறார்களா?

இன்னொரு போர்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 2006ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒவ்வொரு ஹோட்டலும் தன் லைசென்ஸைக் கண்ணில் படும்படி மாட்டி வைக்க வேண்டும். வாசல் போர்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, இந்தச் சின்னப் பலகையைக் காலண்டருக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிற புண்ணியவான்களும் உண்டு. சாப்பிட உட்காருமுன் சகோதரிகள் அதையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

கடைசியாக ஒரு விஷயம். அமெரிக்கக் கம்பெனி 70 கோடி டாலர் திட்டம் போட்டது. பெரிய பெரிய நிபுணர்களின் யோசனையைக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பேரனைக் கூட்டிக்கொண்டு வருகிற கிழவரிடம், "ஐயா, இந்தப் பெரியவரை எடுத்துவிடலாமா?" என்று நன்றாகக் கேட்டிருந்தால், செலவில்லாமல் பதில் கிடைத்திருக்கும். வீட்டில்கூட அப்படித்தானே? மாமியாரைக் கேட்காமல் பூஜை அறையை இடம் மாற்றிப் பாருங்கள். இடம் மாறியதுகூடப் பெரிதில்லை, "என்னை ஒரு வார்த்தை கேட்டாயா?" என்பதுதான் மனத்தில் தைக்கும். கேட்டிருந்தால், "கிழக்கே வையம்மா, அங்கேதான் வெளிச்சம்" என்று அவரே சொல்லியிருப்பார்.

ஹோட்டல் முதலாளிகள் இப்போது கேட்காவிட்டால் என்ன? நாமாகச் சொல்லலாம். அடுத்த முறை நெடுஞ்சாலையில் காப்பி குடிக்க இறங்கும்போது, பில்லைக் கொடுத்துவிட்டு அப்படியே வந்துவிடாதீர்கள். கல்லாவில் இருப்பவரிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்: "உங்கள் டபராவை மாற்றிவிடாதீர்கள். பின்னால் இருக்கும் அந்தக் கதவுக்கு மட்டும் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள்."